உள்பக்கம் போட்ட பந்து

லதீசன் அமெரிக்காவிலிருந்து ஒஸ்லோவுக்குத் திரும்பியபோது பனி முழுதாகக் கரைந்திருக்கவில்லை. 2007ஆம் ஆண்டு. அவர்கள் குடியிருந்த புருசெத் பகுதியில் எதிர்ப்பட்ட தமிழர்களுக்கெல்லாம் அவனுடைய அப்பா இரவீந்திரன் ஒரே கதையைத்தான் சொன்னார்.

"பெடியனுக்குத் தோளிலை சின்ன நோ. ஆறினதும் திரும்பப் போயிடுவான்."

தோளில் எந்த நோவும் இல்லை. அது லதீசனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

மற்றப் பிள்ளைகள் காற்பந்துக்குப் பின்னால் ஓடிய வயதில், பள்ளித் தோழன் ஒருவனோடு பேஸ்போல் மைதானத்துக்குப் போனவன் அவன். எறிவது அவனுக்கு வாய்த்திருந்தது. பந்து கையை விட்டதும் அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவனின் கையுறையில் அறைகிற சத்தம் கேட்கும். நடுவில் நடந்தது அடிக்க நின்றவனுக்குத் தெரியாது. ஐரோப்பிய இளைஞர் போட்டி ஒன்றில் அவனைப் பார்த்த அமெரிக்கக் கழகம் ஒப்பந்தம் செய்து கூட்டிக்கொண்டு போனது. பெரிய அணிக்கு ஏறும் ஏணியில் அது ஆகக் கீழ்ப் படிதான். என்றாலும் எறிவதே தொழில். "எங்கடை ஆக்களிலை முதல் ஆள்" என்று அப்பா, தான் ஓட்டிய பஸ்ஸில் ஏறிய தமிழர் எல்லாரிடமும் சொன்னார்.

முதல் வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் டொமினிக்கன் நாட்டு ரமோன். ரமோனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் சோறில்லாமல் இருவருக்கும் சரிவராது. ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு ரமோன் வேறு கழகத்துக்குப் போய்விட்டான்.

மூன்றாவது வருடக் கோடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மட்டையோடு ரமோன், பந்தோடு லதீசன். பிடிப்பவன் உள்பக்கம் போடச் சொல்லிச் சைகை காட்டினான். அடிப்பவனின் உடம்பை ஒட்டிப் போகவேண்டிய பந்து அது. விரலில் வியர்வை. பந்து வழுக்கி மேலே எழும்பியது. ரமோன் விலகவில்லை, தன் நண்பன் தன் முகத்துக்கு எறிவான் என்று அவன் நினைத்திருக்கமாட்டான். கன்னத்து எலும்பு நொறுங்கியது. இடது கண் பார்வை திரும்பவே இல்லை.

அதே கிழமை லதீசனை மறுபடி எறியவிட்டார்கள். பந்து பிடிப்பவனின் தலைக்கு மேலால் போனது. அடுத்தது மண்ணில் குத்தியது. வெறும் வலைக்கு எறிந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மனிதன் வந்து நின்றால் கை தன்னுடையதாக இராது. மருத்துவர்கள் தோளையும் முழங்கையையும் படமெடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த வசந்தத்தில் கழகம் அவனை விட்டுவிட்டது.

ஒஸ்லோவில் அவன் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலைக்குப் போனான். ஆவணியில் தமிழரின் விளையாட்டு விழா வந்தது. இவன் எறிந்து காட்டுவான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார், இவனைக் கேட்காமலே.

கிரிக்கெட் ஆடுகிற மகேசன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கை, உங்கடை அமெரிக்கப் பந்தைப் போடும் பாப்பம்!"

"வேண்டாம் அண்ணை. தள்ளி நில்லுங்கோ."

"ஒரேயொரு பந்து தம்பி," என்றார் அப்பா தாழ்ந்த குரலில். "சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது."

லதீசன் எறிந்தான். பந்து மகேசனுக்கு எட்டாத தூரத்தில் பறந்து தேநீர்க் கொட்டகையின் கூரையில் விழுந்தது. சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டு, "தோள் இன்னும் ஆறேல்லை," என்று தொடங்கினார்.

"தோளிலை ஒண்டும் இல்லை அப்பா," என்றான் லதீசன். பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. "என்னாலை எறிய ஏலாது. ஒருத்தன்ரை கண்ணை எடுத்துப்போட்டன்."

வீட்டுக்குப் போகும் ரயிலில் ரமோனுக்கு நேர்ந்தது தெரிந்த தங்கை கஜேந்தினி கேட்டாள்.

"அண்ணா, ரமோனோடை பிறகு கதைச்சனியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனனான். உள்ளுக்கு விடேல்லை."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு எடுக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை பழைய அணித் தோழன் ஒருவனிடம் ரமோனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி அழைத்தான். குரலைக் கேட்டதுமே ரமோன் அடையாளம் கண்டுகொண்டான்; அவனுடைய ஆங்கிலம் இப்போது தேறியிருந்தது. லதீசன் மனதில் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளை அவன் முடிக்கவிடவில்லை.

"எந்தக் கழகத்துக்கு இப்ப எறியிறாய்?"

"எறியிறதில்லை. விட்டிட்டன்."

மறுபக்கத்தில் ரமோனின் குரல் உடைந்தது. "விட்டிட்டியா? நீ பெரிய அணியிலை எறியிறதைத் தொலைக்காட்சியிலை பாப்பன், இவன்ரை பந்துதான் என்னை அடிச்சது எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சன். அப்ப என்ரை கண் சும்மாவோ போச்சுது?" அத்தோடு தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

"என்னவாம்?" என்று கேட்டார் அப்பா.

லதீசன் சொன்னான்.

"கோவத்திலை கதைச்சிருப்பான், தம்பி."

"ஓம், கோவம்தான். ஆனா அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

அப்பா மகனின் வலக்கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதன் பிறகு அவர் ஒருவரிடமும் தோளைப் பற்றிக் கதைக்கவில்லை.

புரட்டாதியில் ஸ்டோவ்னர் பக்கத்து மைதானத்தில், சிறுவயதில் ஆடிய கழகத்துக்காக லதீசன் மறுபடி எறியப் போனான். முதலில் அடிக்க நின்றவன் இருபது வயது மதிக்கத்தக்க நோர்வேஜியன். ஒரு பந்துகூட, அடிப்பவன் முன்னால் தரையில் பதித்த தட்டுக்கு மேலால் போகவில்லை. பிசகிய பந்துகளாலேயே நான்கு பேர் அடிக்காமல் முதல் தளத்துக்கு நடந்துபோன பிறகு அவனை வெளியே எடுத்தார்கள். ஓரத்தில் தலை கவிழ்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, ஆட்டம் முடியும்வரை குளிரில் இருந்தான். எழும்பும்போது பயிற்சியாளரிடம், அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டான்.