இரட்டைப் பதிவு

திங்கட்கிழமை காலை தில்லையரசி அலுவலகம் வந்தபோது அவள் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஓசூர் கிளைக்காரி. பெயர் தில்லை அரசி. நிறுவனம் இருவரையும் ஒரே ஊழியராக இணைத்திருந்தது.

தண்ணீர் பம்பு செய்யும் நிறுவனம் அது. ஒரே வருடத்தில் ஒன்பது கிளைகள் முளைத்துவிட்டன. ஒரு கிளையின் பதிவு இன்னொரு கிளையின் பதிவோடு ஒத்துப்போகவில்லை. அதைச் சீராக்கவே டேட்டா பிரிவு வந்தது. அதன் அதிகாரி சிங்காரவடிவேல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேருக்கு நடுவுல ஒரு இடைவெளிதானுங்க. எடுத்துட்டோம்.”

“நாங்க ரெண்டு பேருங்க சார்.”

“அது வெள்ளிக்கிழமை வரைக்கும்.”

விவரம் மாறுபட்டால் கடைசியாகப் பதிந்ததே செல்லும் என்றார். கடைசியாகப் பதிந்தவள் ஓசூர்க்காரி. ஆகவே தில்லையரசியின் உயரம் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. புடவை தரையில் புரண்டது. ‘குழந்தைகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது.

அவள் மகளின் பள்ளிக்குப் போன் செய்தாள்.

“மூணாம் வகுப்பு இனியாவா? அப்படி யாரும் இல்லீங்களே.”

“ஜன்னலோரம் உக்காருவா. பாருங்க.”

“அங்க ஜன்னல் இல்லீங்க.”

தில்லையரசி கணினியில் ‘ஒன்று’ என்று தட்டினாள். போனில் இனியாவின் இருமல் கேட்டது. ஓசூர்க்காரி கை நீட்டி ‘இல்லை’ என்று தட்டினாள். இருமல் பாதியில் நின்றது.

“உனக்கு என்னடி கெட்டுப்போச்சு?”

“எனக்குப் பிள்ளை கிடையாது. நான் எதுக்கு வளர்க்கணும்?”

மாறி மாறித் தட்டினார்கள். நான்கு மணிக்குப் பதிவு பூட்டப்படும். அதற்கு ஒரு நிமிடம் இருக்கையில் தில்லையரசி அந்தக் கையைப் பிடித்துக் கடித்தாள். ஓசூர்க்காரி சும்மா இருந்தாள். அலறியது தில்லையரசிதான். அவள் மணிக்கட்டில்தான் பல் பதிந்திருந்தது.

சிங்காரவடிவேல் குறித்துக்கொண்டார்: ஊழியர் தன்னைத் தானே கடித்துக்கொண்டார்.

ரத்தம் சொட்டச் சொட்ட அவள் ‘ஒன்று’ என்று தட்டினாள். பதிவு பூட்டிக்கொண்டது.

நாலரைக்குப் பள்ளி வேன் வழக்கம்போல இனியாவை அலுவலக வாசலில் இறக்கிவிட்டது. தில்லையரசி ஓடினாள். காவலாளி கதவைச் சாத்தினார்.

“நீங்க இப்பத்தானுங்க வெளிய போனீங்க.”

“அது நானில்லை. என் பொண்ணு நிக்குது, கதவைத் திறங்க!”

“உள்ள வந்தது ஒரு ஆளு. போனதும் ஒரு ஆளு. சரியாத்தானுங்க இருக்குது.”

கம்பி வழியே மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குழந்தை திரும்பவில்லை. வெளியே நின்ற ஓசூர்க்காரி வேண்டாவெறுப்பாக ஒரு விரலை நீட்டினாள். இனியா அதைப் பற்றிக்கொண்டாள். சாலையைக் கடக்குமுன் நின்று, முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் பார்த்தாள். தில்லையரசி சொல்லிக்கொடுத்தபடியே.