சோலார் தகட்டுக்கு ஓர் உறை

என் வீட்டுக்காரர் உறை தைக்கிறவர். சோபா, பைக் சீட், மிக்ஸி என்று எது கண்ணில் பட்டாலும் அளவெடுத்துவிடுவார். டிவி ரிமோட்டுக்குக்கூட ஜிப் வைத்த உறை உண்டு. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்ட ஆறு வருஷத்தில் என் வீட்டுச் சாமான் எதன் நிறமும் எனக்குத் தெரியாது.

எங்கள் மகள் ஏழு வாரம் முந்திப் பிறந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, நான் வீட்டில் மூன்று மணி நேரத்துக்கொரு தடவை பாலைப் பீய்ச்சி, சின்னப் பைகளில் அடைத்து ஃப்ரீசரில் சேர்த்தேன். முப்பது மில்லி தேறினாலே பெரிய விஷயம். தினமும் காலையில் அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். கரண்ட் போனால் பால் வீணாகுமே என்று பயந்து ஒரு சோலார் ஜெனரேட்டரும் வாங்கினார். மொட்டைமாடியில் தகடு, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி.

புயலில் கரண்ட் போனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பதினோரு பை பால் வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. முதல் நாளைப் பேட்டரி சமாளித்தது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தும் பெட்டியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. பதினாலு சதவீதம், பதிமூன்று, பன்னிரண்டு.

ஆபரேஷன் தையலைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக மாடியேறினேன். தகட்டுக்குக் கனத்த பிளாஸ்டிக்கில் உறை, ஓரமெல்லாம் நீலப் பட்டி, மூலைக்கு மூலை நாடா. உள்ளே ஈரம் வியர்த்து, தகடே தெரியவில்லை.

பின்னாலேயே ஓடி வந்தார். "கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்தானே, வெயில் உள்ள போகும்னு நினைச்சேன்."

"உங்க மூளைக்கும் உறை போட்டிருக்கா?"

கத்தரிக்கோலை எடுத்துவந்து அவரே கிழித்தார்.

"நீ பால் குடுக்கற. டாக்டர் மருந்து குடுக்கறார். நான் அவளுக்கு என்ன செஞ்சேன்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதோ. பாவம், இத்தனை நாளாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கீழே வந்து, பெட்டிக்கு முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். பதினொன்று. அதே பதினொன்று. வெகுநேரம் கழித்துப் பன்னிரண்டு. சாயங்காலத்துக்குள் எழுபதைத் தொட்டுவிட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. பால் கல்லாக உறைந்திருந்தது. ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கிளம்பினார். மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"என்னாச்சு, சொல்லுங்க."

"நர்ஸம்மா அவள என் மடியில வச்சாங்க," என்றார். "மூக்குல இருந்த பால் குழாய எடுத்துட்டாங்க. நான்தான் ஸ்பூன்ல குடுத்தேன்."

"குடிச்சாளா?"

"இன்னும் வேணும்னு வாயத் திறக்கறா."