எண்ணெய் வைத்த கை

வெற்றிலையை வைப்பதற்காக அண்ணனின் வலது கையைத் திருப்பிய தவமணி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்கையில் தழும்பு இல்லை.

சுண்டுவிரலடியில் தொடங்கி மணிக்கட்டு வரை சாய்வாக இறங்கும் தழும்பு அது. சின்ன வயதில் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடி வெட்டுவதுபோல வீசி விளையாடியபோது பட்ட வெட்டு. பிறகு எத்தனையோ முறை அந்தக் கையால் அவள் தலையில் குட்டியிருக்கிறான். இப்போது அந்த இடம் ரேகைகூடத் தெரியாமல் வழுவழுவென்று இருந்தது.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? வெத்தலைய வையி" என்றாள் சின்னம்மா.

வைத்தாள். இது அண்ணன்தானா என்று ஒரு கணம் முகத்தைப் பார்த்தாள். அண்ணன்தான். மூக்கு அவனுடையது. காது மடலில் கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன துளையும் அவனுடையது.

அன்று காலையில்தான் அண்ணன் தர்மராஜாவைக் கொண்டுவந்திருந்தார்கள். லக்கலப் பக்கம் டெலிநாடகம் எடுக்க வந்திருந்த கொழும்புக் கம்பெனியின் வேன் எல்கடுவைக்கு ஏறி, லயத்து வீடுகளுக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றது. மெனேஜர் இறங்கினார். டிரைவர் இறங்கினான். பின் சீட்டில் மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் மட்டும் இறங்கவில்லை.

"ராவு நெஞ்சு வலி. தூக்கத்தில போனது" என்று மெனேஜர் தனக்குத் தெரிந்த தமிழில் அப்பாவிடம் சொன்னார். "டொக்டர் பாத்து ஹார்ட் எண்டு எழுதினது. நாங்களும் நல்லா அழுதது ஐயா."

இருபத்தாறு வயதில் என்ன ஹார்ட் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்களே சவப்பெட்டி வாங்கியிருந்தார்கள். புதுச் சட்டை போட்டு, காலுக்கு வெள்ளை மேசும் மாட்டியிருந்தார்கள். தர்மராஜா உயிரோடிருந்தவரை மேசு போட்டதே இல்லை.

அம்மா ராசம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுது, தொண்டை கட்டி, இப்போது விசிறியால் முகத்துக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். தப்பு அடிக்கிறவர்கள் வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் ஓரத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

மெனேஜர் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசியது தவமணிக்குக் கேட்டது.

"மாத்தளை டவுன்ல எரிக்க சொல்லி வச்சிருக்கு. மூணு மணிக்கு. எல்லாம் கம்பெனி பாக்கிறது. ஒங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

"நாங்க பொதைக்கிறதுதாங்க வழக்கம். எங்கப்பன், தாத்தா எல்லாரும் இந்த மலையிலதான் கெடக்கிறாங்க."

"அது பழைய காலம் ஐயா. எரிக்கிறது மரியாதை." பிறகு மெனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "இந்தத் தங்கச்சி படிச்சவதானே? கொழும்புல ஒபிஸ் இருக்கு. எடிட்டிங் பழக்கலாம். கம்பியூட்டர்ல. தர்மா அடிக்கடி சொன்னது, தங்கச்சிக்கும் ஒரு வழி பாருங்க மாத்தயா எண்டு."

அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும். அவள் அப்போது தோட்டத்துப் புள்ளக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்தாள். ஆனால் அண்ணன் செத்த அன்றைக்கே, பிணம் இஸ்தோப்பில் இருக்கும்போதே, ஒருவர் ஏன் அவளுக்கு வேலை தருகிறார்?

அப்பா லெட்சுமணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தோட்டத்து ஆபீசில் தொரைக்கு முன்னால் நிற்கும்போதும் அவர் அப்படித்தான் ஆட்டுவார். கடைசியில், "ஒங்க இஷ்டம் மாத்தயா" என்றார்.

தர்மராஜாவுக்கு சினிமாப் பைத்தியம் இல்லை, கேமராப் பைத்தியம். மாத்தளை டவுனில் றஹீம் நானாவின் ஸ்டுடியோவில் கலியாண வீடுகளுக்கு லைட் பிடிக்கப் போனவன், நானாவின் வீடியோ கேமராவைத் துடைத்து வைப்பதற்கென்றே ஒரு பழைய பெனியனைத் துவைத்து மடித்து வைத்திருந்தான். கொழும்பில் கேமரா பழக்குகிறார்கள் என்று பேப்பரில் பார்த்துப் போனான். குண்டு வெடித்த சமயம். தமிழ்ப் பெயரும் எல்கடுவ முகவரியும் எழுதிய ஐடென்டியைப் பார்த்து லொட்ஜில் இடம் கொடுக்கவில்லை. கோட்டை ஸ்டேசனில் ஒரு இரவு பொலிசு வைத்திருந்து அனுப்பியது. திரும்பி வந்தவன், "கேமராவத் தவிர மத்ததெல்லாம் பாத்துட்டேன்" என்று சிரித்தான்.

அதனால்தான் லக்கலைக்கு இந்தக் கம்பெனி வந்தது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. றஹீம் நானா சொல்லிச் சேர்த்துவிட்டார். மூன்று மாதம் லைட் வயர் இழுத்தால் கேமராவுக்கு எடுப்பதாகப் பேச்சு.

போன ஞாயிறு வந்தபோதுகூட வீடே அவன் குரலாக இருந்தது.

"லைட்டுக்காரன் இல்லாட்டி சினிமாவே இல்ல தெரியுமா? நான் லைட்ட ஒரு இஞ்சு திருப்புனேன்னு வையி, கதாநாயகி மூஞ்சி கரிச்சட்டி."

"ஒன் மூஞ்சி மட்டும் என்னாவாம்?" என்றாள் தவமணி.

"எனக்கு மேக்கப் வேணாம். ஒனக்குத்தான் வேணும்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து, அவள் தப்பிப்பதற்குள் கன்னத்தில் இழுத்துவிட்டான். மேக்கப் அக்காவிடம் கெஞ்சி வாங்கி வந்த மெழுகாம். பீலியடிக்கு ஓடி சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "லூசு. மழைக் காட்சிக்குப் போடுறதுடி அது. தண்ணிக்குப் போகாது. எண்ணெ வச்சுத் தொடை."

வெற்றிலை வைத்தபோது அந்த ஞாயிறு அவளுக்கு நினைவு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் பீலியடிக்குப் போனபோதுதான் வந்தது.

அதற்கு முன்னால் சின்னம்மா மெனேஜரோடு சண்டை பிடித்திருந்தாள். "குளிக்க வைக்க வேணாம், ஆஸ்பத்திரியில கழுவினது" என்று அவர் சொல்ல, "நீர்மாலை எடுக்காம அனுப்புறதுக்கு அவன் என்னா அனாதையா? ஏழு பொம்பளைங்க தண்ணி எடுத்தாந்து குளிப்பாட்டித்தான் அனுப்புவோம்" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். மெனேஜர் வேனுக்குப் போனார். குடத்தோடு பீலிக்கு இந்தப் பக்கம் நின்ற தவமணிக்கு அவர் சிங்களத்தில் கேட்டது தெளிவாக விழுந்தது.

"குளிப்பாட்டப் போகிறார்களாம். போய்விடுமா?"

வேனுக்குள்ளேயிருந்து, பெட்டி வைத்திருந்த பெண் சொன்னாள். "தண்ணீருக்குப் போகாது."

தவமணியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

மெனேஜர் திரும்பி வந்து, "சரி, தண்ணி மட்டும் ஊத்துங்க. கெதியா" என்றார்.

பகல் பஸ்ஸில் றஹீம் நானா வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றாமல் அழுதார். பிறகு மெனேஜரோடு ஒதுங்கிப் போய்ச் சிங்களத்தில் ஏதோ பேசினார். தவமணிக்கு அவர்மீதும் சந்தேகம் வந்தது. இவர்தானே கொண்டுபோய் விட்டவர்? திரும்பி வந்தபோது வழியை மறித்து நின்றாள்.

"என்னா பேசுனீங்க நானா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணும் இல்ல புள்ள."

"நானா."

"நேத்து அந்தி மஃரிபு நேரம் இந்த மனுசன் எனக்கு டெலிபோன் எடுத்தான்" என்றார் மெதுவாக. "ஜெனரேட்டர் ஒழுகுது, கரண்ட் பாயுது, கரண்ட் வேலை தெரிஞ்ச ஒரு பாஸ அனுப்புங்க எண்டு. அங்க நல்ல மழையாம். இப்ப கேட்டா நான் அப்பிடி எடுக்கவே இல்லையே எண்டு செல்றான்." முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்தார். "எனக்கு வேற ஒண்டும் தெரியாது. அல்லா அறிவான். நீங்க பொலிசுக்குப் போற எண்டா யோசிச்சுப் போங்க. நம்மட காலம் நல்லமில்ல."

"எரிச்சிட்டா?"

"எரிச்சிட்டா எல்லாம் சாம்பல்தானே மகள். பொதைச்சா, கோர்ட்டுல கேட்டுத் தோண்டலாம்."

இஸ்தோப்புக்கு வெளியே நான்கு சேலைகளை மறைப்பாகக் கட்டி, பலகை போட்டு, தர்மராஜாவைக் கிடத்தினார்கள். மாமன் மச்சான்மார் சட்டையைக் கழற்றினார்கள். கால் மேசுகளையும் உருவினார்கள். பெண்கள் நீர்மாலைக் குடங்களோடு வரிசையில் வந்தார்கள். வெளியே தப்பு முழங்கியது. சேலைக்கு அந்தப் பக்கம் மெனேஜர் நேரத்தைப் பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தார். அவருக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் உறவுக்காரர் ஒவ்வொருவரும் எண்ணெய் வைப்பார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அம்மா புறங்கையால் எண்ணெயைத் தொட்டுத் தலையில் வைத்தாள். சின்னம்மா வைத்தாள். தவமணியின் முறை வந்தபோது அவள் கிண்ணத்தையே வாங்கிக்கொண்டு, அண்ணனின் வலது கைப்பக்கம் உட்கார்ந்தாள்.

"தலைக்கு வைம்மா" என்றார் மாமா.

அவள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, துண்டால் துடைத்தாள். துண்டில் தோல் நிறத்தில் மெழுகு வந்தது. மறுபடி ஊற்றினாள். சுண்டுவிரலடியில் தழும்பின் நுனி தெரிந்தது. அண்ணா என்று வாய்க்குள் சொன்னாள். தழும்பு நடுக்கை வரை வந்து நின்றது. அதற்கு அப்பால் தழும்பு இல்லை, தோலும் இல்லை. கருகிப்போய், வயர் கிடந்த அச்சோடு ஒரு பள்ளம் இருந்தது.

தண்ணீர்க் குடங்கள் அப்படியே நின்றன.

தவமணி நிமிர்ந்தபோது, மறைப்புச் சேலையின் இடைவெளியில் அந்த மேக்கப் பெண் நின்றிருந்தாள். எப்போது வேனைவிட்டு இறங்கினாள் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்து, தன் இடது குதிகாலில் விரலை வைத்து அழுத்தி, தவமணியையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

தவமணி அண்ணனின் இடது குதிகாலில் எண்ணெய் வைத்துத் துடைத்தாள். அங்கேயும் கருகிய பள்ளம் ஒன்று இருந்தது.

"அப்பாவக் கூப்புடுங்க" என்றாள்.

லெட்சுமணன் வந்து குந்தினார். காலைப் பார்த்தார். மகனின் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவளுக்கு அப்பாவின் முகத்தைப் படிக்க முடியவில்லை. இதையும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தாள். அவர் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

தப்பு நின்றது.

"மாத்தயா, பொதைக்கிறோம்."

"என்ன ஐயா இது? மூணு மணிக்கு அங்க எல்லாம் ரெடி..."

"பொதைக்கிறோங்க."

"ஏன் திடீரெண்டு?"

"எண்ணெ வச்சாச்சு" என்றார் அப்பா.

மெனேஜருக்கு முதலில் விளங்கவில்லை. வேன் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா லயத்துப் பையன்களிடம், "மண்வெட்டிய எடுங்கப்பா. எங்கப்பன் பக்கத்துல வெட்டுங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

அடக்கம் முடிவதற்கு முன்னாலேயே வேன் போய்விட்டது.

சாயங்காலம் மலைக்கு மழை இறங்கியது. லயத்துப் பெண்கள் ஓடி ஓடிக் கொடியில் கிடந்த துணிகளை அள்ளினார்கள். சின்னம்மா அண்ணனின் கையைத் துடைத்த துண்டிலும் கை வைத்தாள்.

"அது இருக்கட்டும் சின்னம்மா."

"நனையுதே."

"இருக்கட்டும்."

தவமணி இஸ்தோப்பின் தூணோரம் நின்று பார்த்தாள். மழை வலுத்தது. துண்டு பாரமாகி, கொடியையே கீழே இழுத்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த சேறு கரைந்து ஓடியது. விபூதி கரைந்து ஓடியது. நடுவில், ஓர் உள்ளங்கை அளவுக்கு, அண்ணனின் நிறம் அப்படியே இருந்தது.