கொசுறுச் சுற்று

சாப்பாட்டு மேசையில் விரித்த பழைய போர்வையின் மேல், இரு முனையிலும் கப்பி வைத்த வில் மல்லாந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் பெண்டாட்டி, கையில் ஆளுக்கொரு ஆலன் கீ, போல்ட் திருகுகிற சாவி. பார்க்கிறவர்கள் பாகப்பிரிவினை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அவர் துணிக்கடைக்காரர். பேரத்தில் எதிராளி வாயைத் திறக்குமுன்பே பாதி விலையை முழுங்கிவிடுகிற நாக்கு. வெளியில் செல்லுபடியான அந்தச் சரக்கு வீட்டில் ஒருநாளும் விலைபோனதில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஓய்வு நேரத்தில் கிளப்பில் அம்பு விடுகிறவள். ஒரு தரம் ஹாரன் அடிப்பாள். விலகாதவன் பாடு அவனோடு.

வலது தோளில் தசை கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இத்தனை மாதமும் அவளுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டியதும் தலை வாரிவிட்டதும் அவர்தான். "வில்லோட பாரத்தைக் குறைச்சுட்டு ஆரம்பிங்க" என்றாள் பிசியோதெரபிப் பெண். எவ்வளவு என்று சொல்லாமல் போனாள். சனியன் அங்கேதான் பிடித்தது.

"போல்டை நாலு சுத்து தளர்த்திடலாம்" என்றார்.

"ஒண்ணு."

"நாலு வரைக்கும் தளர்த்தலாம்னு வில்லு வித்தவரே சொல்லியிருக்காரு."

"நாலுக்கு மேல போனா போல்ட் கழண்டு வில்லோட தகடு மூஞ்சியில அடிக்கும்னு சொன்னாரு. நாலு போட்டே ஆகணும்னு சொல்லலை. அவ்வளவு தளர்த்தினா அம்பு பலகைக்குப் போகாது, பாதியிலயே படுத்துக்கும். கிளப்புல என்னைக் கத்துக்குட்டிங்களோட நிக்க வைப்பாங்க."

"நின்னா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"இழுக்க முடியலைன்னா வித்துடுறேன். போதுமா?"

வில்லை விற்றால் அவள் சும்மா இருப்பாள். அவள் சும்மா இருக்கிற வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. பேரம் இரண்டு சுற்றில் படிந்தது.

முதலில் பூட்டுத் திருகுகளை இளக்கினார்கள். பிறகு இரண்டு போல்டையும் இறுக்கத்தின் கடைசிவரை கொண்டுபோய், அங்கிருந்து தளர்த்த வேண்டும். மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வில் கோணிக்கொள்ளும். ஒருவரே மாறி மாறித் திருப்ப வேண்டிய வேலை. "ஆளுக்கு ஒண்ணு, சட்டுனு முடியும்" என்று பங்கு பிரித்தது அவர் யோசனை. மேல் போல்ட் அவருக்கு, கீழ் போல்ட் அவளுக்கு.

"அரை" என்றாள். "அரை" என்றார். அப்படியே இரண்டு வரை வந்தார்கள்.

அந்நேரம் பார்த்து கடையிலிருந்து போன். பெட்ரூமுக்குப் போய் ஒரு மொத்த வியாபாரியிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். அவள் அம்பு எடுக்க உள்ளே போனாள். மேசையில் வில்லும் அவரும் மட்டும். கடையில் மீட்டர் அளந்து முடித்தபின் நாலு விரல் கூட விட்டு வெட்டுவது அவர் கைப்பழக்கம். பெண்டாட்டியின் தோளுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? மேல் போல்டை இன்னும் ஓர் அரைச் சுற்று கொசுறாகத் தளர்த்தினார். பூட்டுத் திருகுகளையும் நல்ல பிள்ளையாக இறுக்கினார்.

கொல்லைப்புறச் சுவரோரம் இலக்குப் பலகை. அவள் அம்பைப் பொருத்தி வில்லைத் தூக்கினாள். மேல் கப்பி லேசாகத் தலை சாய்ந்திருப்பதுபோல் அவருக்குப் பட்டது. கோணிய வில், நேற்று ஆறிய தோள்.

"நிறுத்து! இழுக்காதே!"

"பக்கத்து வீடு வரைக்கும் கேட்குது. என்னங்க?"

"மேல அரைச் சுத்து கூடப் போட்டுட்டேன்."

அவள் அம்பைக் கழற்றினாள். வில்லைத் தாழ்த்தினாள். வரப்போகும் வசவு மழைக்கு அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். மழை வரவில்லை. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போன்ல கத்திட்டு இருந்தப்ப, நான் கீழ அரைச் சுத்து திருப்பி இறுக்கிட்டேன்."

"அடிப்பாவி! மேலுக்கும் கீழுக்கும் ஒரு முழுச் சுத்து வித்தியாசமா?"

"நீங்க மட்டும் யோக்கியமா? முப்பது வருஷமா ஊரை அளந்தவரு, வீட்டையும் அளந்துட்டீங்க."

திரும்பவும் மேசை, போர்வை, பூட்டுத் திருகு. இம்முறை ஒரே ஒரு ஆலன் கீ, அவள் கையில். இன்னொன்றைக் கேட்காமலே அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கடைசிவரை இறுக்கி, மேல் அரை, கீழ் அரை என்று மாறி மாறித் தளர்த்தினாள். அவருக்கு எண்ணுகிற வேலை. எரிச்சலில் எண்ணிக்கை தடுமாறியது. "எந்திரிச்சுப் போங்க" என்று கத்திவிட்டு மறுபடி இறுக்கத்திலிருந்து தொடங்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு வந்ததும் நிறுத்தினாள். பிறகு அவர் மூஞ்சியைப் பாராமலே, மேலே ஓர் அரை, கீழே ஓர் அரை, கூடத் தளர்த்தினாள்.

அவர் எண்ணவில்லை. எண்ணினால் திருப்பி இறுக்கிவிடுவாளோ என்ற பயம்.

மறுபடி கொல்லை. அம்பு ஏறியது, வில் எழுந்தது. நாண் பின்னால் வரத் தொடங்கியது. பாதி வழியில் பாரம் உச்சமாகிற ஒரு மேடு உண்டு. அதைத் தாண்டினால் கப்பி உருண்டு பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அந்த மேட்டடியில் அவள் முழங்கை நின்று நடுங்கியது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், அவர் தன் வெறும் வலது கையைக் காதோரம் வரை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை இழுத்துப் பிடித்திருந்தார்.