நாற்பத்திரண்டாம் அட்டை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்டு நான் விழிக்க வேண்டாம். கழுத்து வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. இயந்திரம் படுத்துவிட்டது. அதைச் சரிபார்க்கிறவர் வந்து சேரும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம் நானும் எக்ஸ்ரே எடுக்கிற அம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"எழுதறேன்."

"அதான் கழுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கக்காவும் எழுதுவா. கார்டுல" என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் (மழையெல்லாம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது என்றுதான் அவர் சொன்னார்.)

தபால் அட்டை என்பது மூடாத கடிதம். மூடாததாலேயே அதற்குள் (கட்டுரை வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.)

அக்கா இறந்து பதினாறு மாதம் கழித்து

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். இன்னொரு சாவில் கதையைத் தொடங்கவேண்டியிருக்கிறதே என்று அலுப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நடந்தது அப்படி.

2

அக்கா இறந்து பதினாறு மாதம் கழித்து அத்தான் வீட்டைக் காலி செய்தார். மகனோடு சின்ன வீட்டுக்குப் போகிறார். பீரோவுக்கே இடமில்லாத வீட்டுக்கு இரண்டு அட்டைப்பெட்டிகள் எப்படிப் போகும்?

"நானூத்திச் சொச்சம் கார்டு இருக்கும்மா. பழைய பேப்பர்ல போட மனசு வரல. நீ படம் புடிக்கிறவதானே, ஏதாவது பண்ணேன்" என்றார்.

"நான் புடிக்கிறது எலும்பு அத்தான்."

"ஏதோ ஒண்ணு."

எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. வெளியூர்க்காரி. ஒரு வார இதழின் நட்பு முகவரிப் பகுதியில் அக்காவுக்குக் கிடைத்தவர். முப்பத்தோரு வருடம் மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. ஒரு பக்கம் பாலம், கலங்கரை விளக்கம், மிருகக்காட்சிசாலை ஒட்டகச்சிவிங்கி. மறுபக்கம் நெருக்கி எழுதிய வரிகள். கீழே கையெழுத்துக்குப் பதில் "மேல்மாடி" என்றிருக்கும். மேல்மாடியில் குடியிருந்தாராம். அக்கா பதிலுக்கு "கீழ்வீடு" என்று போடுவாளாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

எக்ஸ்ரே அம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள், "மூச்சை இழுங்க, புடிங்க, விடுங்க." ஏழாவது நாள் துணி துவைக்கவும் படுத்துக் கிடக்கவும். அந்த ஏழாவது நாளைத்தான் அட்டைகள் தின்றன. வளைந்துபோன அட்டைகளைச் சனிக்கிழமையே தடித்த புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்துவார். ஞாயிறு காலை ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. தபால் முத்திரையில் தேதியைத் தேடி எண் போடுவார். வாரம் நான்கு அட்டை. அதற்குமேல் இடுப்பு விடவில்லை.

நாத்தனார் மகள் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். "அக்காவின் நினைவாக" என்று தலைப்பு.

3

முதல் மாதம் நாற்பது பேர் பார்த்தார்கள், பாதி உறவு. பாலங்கள் யாருக்கு வேண்டும்? பிறகு ஒரு பின்பக்கம் எப்படியோ பரவியது. மேல்மாடி தன் கணவரின் குறட்டையைப் பற்றி எழுதியது: "நேற்று இவர் விட்ட குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் ஓடுகிறதென்று வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்." அவ்வளவுதான். பத்தாவது வாரத்தில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். ஞாயிறு மதியம் ஆனால் "இன்னிக்கி கார்டு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள், என்னவோ தொடர் பார்க்கிற மாதிரி.

எக்ஸ்ரே அம்மாளுக்கு அது பிடித்திருந்தது. (அவரே சொன்னது: "நாள் பூரா படம் எடுக்கறேன். ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல.")

நாற்பத்தோராம் அட்டை வந்தது. முன்பக்கம் படகுத்துறை. பின்பக்கம் இது:

"இன்று பையை எடுத்தே விட்டேன். இதை ரயில் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன். கேட்பவர்களிடம் பித்தப்பை ஆபரேஷன் என்று இவர் சொல்லிக்கொள்ளட்டும். என்னால் முடியவில்லை கீழ்வீடு. திரும்புவேனா தெரியாது."

இங்கே ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். என் முதல் பிரதியில், களைப்பில் படிக்காமலே அவர் அதை ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தேன். பாவம் என்று பட்டது, காப்பாற்றப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. படித்தார். இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்தார். வந்து உட்கார்ந்து ஏற்றினார்.

"ஏங்க?" என்று கேட்டேன்.

"பதினோராயிரம் பேர் காத்துட்டு இருந்தாங்க" என்றார். "அப்புறம் ஒண்ணு. எழுதினவங்க எப்பவோ போயிருப்பாங்கன்னு நினைச்சேன். எங்கக்கா போயிட்டா இல்ல, அதனால."

4

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் பதினோரு மணித் தேநீர் வேளையில், இணையப் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசி வந்தது. பெண் குரல். அலுவலகத்துத் தோழி ஒருத்தி சிரிக்கச் சொல்லி அனுப்பிய குறட்டை அட்டையைப் பார்த்தாளாம். 'ழ'வின் வாலைச் சுழித்து அடுத்த எழுத்துக்குக் கீழே கொண்டுபோகும் அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். பக்கத்தைத் தேடிப் பிடித்து ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை ஒரே மூச்சில் படித்திருக்கிறாள்.

"அது எங்கம்மா எழுத்து."

"அம்மா… இருக்காங்களா?"

"இருக்காங்க. உள்ள பட்டாணி உரிச்சிட்டு இருக்காங்க."

எக்ஸ்ரே அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். (இது நான் சேர்த்ததல்ல. அந்தச் சுவரையே எனக்குக் காட்டினார்.)

"அப்ப எனக்கு ஆறு வயசு. பதினோரு நாள் பக்கத்து வீட்ல இருந்தேன். ஆபரேஷன் தழும்பைக் காட்டுன்னு அம்மாவை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். 'அதெல்லாம் ஆறிப் போச்சுடி'ம்பாங்க."

எக்ஸ்ரே அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த கார்டு உங்ககிட்டதானே இருக்கு? அதை எனக்கு அனுப்புங்க. ஏன் திரும்பி வந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"அம்மாகிட்ட கேட்டீங்களாம்மா?"

"போடறதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்களா?"

எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம். "டாக்டர் சொல்வாரு" என்றால் போதும். இருபத்தெட்டு வருடமாக அப்படியே தப்பித்து வந்தவர். அன்று கைகாட்ட யாரும் இல்லை.

"நான் நேர்லயே கொண்டாறேன். அம்மாகிட்டயே குடுக்கறேன். அப்புறம் உங்க பாடு, அவங்க பாடு" என்றார்.

அன்று மாலையே பக்கத்தை எடுத்துவிட்டார். "அடுத்த அட்டையைச் சீக்கிரம் போடுங்கள், ரசிகர்களை ஏமாற்றாதீர்கள்" என்று யாரோ எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். ஆனாலும் நாற்பத்தோராம் அட்டை அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. யாரோ அதற்குச் சோக இசை வேறு போட்டிருந்தார்கள்.

5

(இந்தப் பகுதியை எழுதாமல் விடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஐந்து மணி நேரம், மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒன்று. மகள் கதவைத் திறந்தாள். உள்ளே சாய்வு நாற்காலியில் மேல்மாடி. இப்போது தரைத்தளத்தில்தான் குடியிருக்கிறார், முட்டி வலியால். அக்கா வயதுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீதான் தங்கச்சியா? வா வா. உங்கக்காவுக்கு என் மேல என்ன கோவம்?"

எக்ஸ்ரே அம்மாள் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அக்கா இறந்ததை அவளாலும் சொல்ல முடிந்திருக்கவில்லை.

"பத்தொன்பது மாசமா ஒரு வரி கிடையாது. நான் நாலு கார்டு போட்டேன். நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லச் சொல்லு, திருத்திக்கறேன்."

அந்த நான்கு அட்டைகளும் இரண்டாவது பெட்டியில் மேலேயே இருந்தன. வரவர அத்தான் படிக்காமல் அப்படியே போட்டு வைத்தவை. ஒவ்வொரு அட்டையிலும் அனுப்புநர் முகவரி இருந்தது. அட்டைகளுக்கு எண் போட்டுப் படமாக்கிப் பதினோராயிரம் பேருக்குக் காட்டினார்கள், முகவரியை மட்டும் பத்திரமாக மறைத்துவிட்டு. அந்த முகவரிக்கு "அக்கா இறந்துவிட்டாள்" என்று ஒரு அட்டை போட வேண்டும் என்று அத்தானுக்கும் தோன்றவில்லை, மகனுக்கும் தோன்றவில்லை, கூடப்பிறந்தவளுக்கும் தோன்றவில்லை.

"அக்கா இல்லம்மா" என்றார் எக்ஸ்ரே அம்மாள். "போன வருஷம்… அதுக்கும் முன்னாடி. தூக்கத்துலயே."

மேல்மாடி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "அப்ப கோவம் இல்ல" என்றார்.

6

தான் செய்த காரியத்தை எக்ஸ்ரே அம்மாள் ஒளிக்காமல் சொன்னார். மேல்மாடி கேட்டுக்கொண்டார். திட்டவில்லை.

"தபால்காரர் ஒருத்தர் படிப்பாருன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். நல்ல மனுஷன். படிச்சிட்டுப் படிக்காத மாதிரி இருப்பாரு. இப்ப இத்தனை பேரா? சரி விடு, போனது போச்சு."

பிறகு உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தார். முப்பத்தோரு வருடத்து அக்காவின் அட்டைகள்.

"இதை நீ வச்சுக்கோ. படி. ஸ்கேன் மட்டும் பண்ணாத."

திரும்புகிற பேருந்தில் எக்ஸ்ரே அம்மாள் டப்பாவைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்தார். அக்காவின் எழுத்து. "தங்கை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். மூன்று மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. வேலை அதிகம், வந்தாலும் களைத்துப் போய் வருகிறாள், அவளிடம் எதைச் சொல்ல? உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்."

டப்பாவை மூடிவிட்டு ஐந்து மணி நேரமும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம். மீதியை இன்றுவரை படிக்கவில்லை. "தைரியம் வரலங்க" என்றார். அந்தச் சமயத்தில்தான் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் பையோடு வந்து சேர்ந்தார்.

7

நாற்பத்திரண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

புறப்படும் முன் எக்ஸ்ரே அம்மாள் பார்த்தது இவ்வளவுதான்: மேல்மாடி முதல் பெட்டியில் விரல் விட்டுத் தேடி அந்த அட்டையை உருவினார். படித்தார். வாசற்படியில் நின்ற மகள், "என்னம்மா எழுதியிருக்க?" என்றாள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் குரல் மாதிரி இல்லை அது. அம்மா அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "உக்காரு, சொல்றேன்" என்றார். மகள் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நீங்க படிச்சிருப்பீங்களே?" என்றேன்.

"எழுதறதுன்னா எழுதுங்க. அதை மட்டும் கேக்காதீங்க."

எழுதிப் பார்த்தேன். குழந்தையின் முகம் நினைவுக்கு வந்து திரும்பியதாக ஒன்று. (எல்லாருக்கும் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.) போக வேறு இடமில்லாமல் திரும்பியதாக ஒன்று. (உண்மையாக இருக்கலாம். மகளின் முகத்துக்கு நேரே என்னால் எழுத முடியவில்லை.) அக்கா ரயில் நிலைய விலாசத்துக்கே பதில் எழுதி

இல்லை. வேண்டாம். களைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று அந்த அம்மாவிடமும் மகளிடமும் நானும் கேட்கவில்லை. அதனால் பலதை மாற்றியிருக்கிறேன். குறட்டை குறட்டை அல்ல, பதினோரு நாள் பதினோரு நாள் அல்ல. மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், தெரியாது.

அம்மாவும் மகளும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அது எனக்குப் போதும். உங்களுக்குப் போதாது என்றால் மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக்கூட அனுப்ப வேண்டாம்.