நீளும் கூடம்

நகராட்சிக் கூடத்தில் யாராவது சலிப்பூட்டும்படி பேசினால் கூடம் நீளும். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வரவேற்புரைக்கு இரண்டு வரிசை தள்ளிப்போகும். தணிக்கை அதிகாரி பேசிவிட்டால் போச்சு, வாசல் மேடைப்பக்கம் என்பதால் பின்வரிசைக்காரர்கள் வெளியே வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அவர்கள் பிளாஸ்க்கும் போர்வையுமாகவே வருவார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மாள் மட்டும் ஒரு சைக்கிள் கேட்டு மனுக் கொடுத்தார். மற்றபடி யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஊருக்கு மேலே இருந்த நீர்த்தேக்கத்தின் சுவர் விரிசல் விட்ட வருஷத்தில், கீழத்தெரு ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் பொறுப்பு பொறியாளர் தலையில் விழுந்தது. பலவந்தமாக வெளியேற்றச் சட்டம் இல்லை. பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். அவருக்கு ஊர் வைத்த பேர் புள்ளிவிவரம். கீழத்தெருவில் அவருடைய அக்காள் தனியாகத் தையல் மிஷினோடு குடியிருந்தார். "சுவர் என்ன நேத்தா கட்டினது? போடா வேலையைப் பார்த்துக்கிட்டு" என்று தம்பியை ஏற்கெனவே விரட்டியிருந்தார். ஊரே கிளம்பினால் அக்காளும் கிளம்புவார் என்பது தம்பியின் கணக்கு.

முதல் கூட்டத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் போட்ட படங்களைத் திரையில் காட்டினார். கூடம் நீண்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் அது ஏதோ சேலை பார்டர் என்று நினைத்து, நிறம் எடுப்பாக இல்லை என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்குப் பெரிய திரை, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. பேச்சை நகைச்சுவையோடு தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி ஒரு ஜோக் சொன்னார். கூடம் அதற்குள் அவ்வளவு தூரம் போயிருந்ததால் ஜோக் போய்ச் சேர நேரமாகிவிட்டது. அவர் "சுவர் உடையும், ஆட்கள் சாவார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசை கொல்லென்று சிரித்தது. பாவம், மனுஷன் அன்று சாப்பிடாமல் படுத்தார்.

மூன்றாவது கூட்டத்தின்போது மழை பிடித்துவிட்டது. இரண்டாவது படத்திலேயே பொறியாளர் அக்காளைத் தேடினார். அக்காளின் மஞ்சள் குடை கடுகளவுக்குச் சிறுத்து, இன்னும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அவர் மைக்கைக் கீழே வைத்தார்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். கூடம் சட்டென்று நின்றது. "அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கை நனைஞ்சிடுச்சு. உடைஞ்சா உன் மிஷினுக்கு மேல தண்ணி நிக்கும். உன் கட்டில் அதைவிடத் தாழ்வு. உனக்கு நீந்தத் தெரியாது. உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூடம் சுருங்கியது. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் மற்றவர் மடியில் உட்கார நேர்ந்தது. இருவரும் மேடையையே பார்த்தார்கள். கடைசியில் அக்காளின் முழங்கால் தம்பியின் முழங்காலில் வந்து இடித்தது.

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்னடா? கோடு கோடா எதையோ காட்டிக்கிட்டு இருந்தியே" என்றார் அக்காள். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "எழுந்திருங்க எல்லாரும், மிஷினைத் தூக்க ஆள் வேணும்" என்றார்.

விடிவதற்குள் சுவர் உடைந்தது. கீழத்தெரு கூரை வரை முழுகியது, அதில் ஆளில்லை. அப்புறம் விசாரிக்க வந்த அதிகாரிகள், எந்தப் படத்தைப் பார்த்து மனம் மாறினீர்கள் என்று அக்காளைக் கேட்டார்கள். "படமா? அவன் கை நடுங்கிச்சுங்க. பொய் சொல்றப்ப அவன் கை கல்லு மாதிரி இருக்கும். சின்ன வயசுலேருந்து பார்க்கிறேனே."

கூடம் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. ஒரு சமையலறை அளவுதான் இருக்கிறது. மிச்ச நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் நின்று கேட்கிறார்கள். பேச வருகிற அதிகாரிகள் வரைபடத்தை விரிக்க இடமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அக்காள் ஒரு கூட்டமும் தவறவிடுவதில்லை. பேசுகிறவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முதலில் அவர் கையைப் பார்க்கிறார்.