பாட்டு மூச்சு வாங்கும் இடம்

இசை காது வழியாகத்தான் ஆன்மாவுக்குள் நுழைகிறது. அதற்கு வேறு வாசல் கிடையாது. இந்த மகாவாக்கியத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் பெரும்பாலும் வாடிக்கையாளர்களிடம்தான் சொல்வார். அவர்கள் அப்போது கண் பரிசோதிக்கும் கருவியில் முகவாயைப் பதித்து, தலையை அசைக்கவும் முடியாமல் வாயைத் திறக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இந்த விஷயத்தில் இதுவரை மாற்றுக்கருத்து எழுந்ததில்லை.

எழுப்பியது சொந்த மைத்துனன்தான்.

கடைகள் இருந்த வணிக வளாகத்தின் ஆண்டு விழாவில், பழைய கிட்டார் இசை ஒன்றைக் கண்ணாடிக்கடைக்காரர் வருடந்தோறும் வாசிப்பார். அவர் வைத்திருந்த கேசட்டைத் தவிர அந்த ஊரில் அது வேறு யாரிடமும் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் இசை சட்டென்று நின்று, ஒரு கணம் கழித்துத் தொடரும். "அங்கதான்யா பாட்டு மூச்சு வாங்குது" என்று மேடையிலேயே விளக்குவார். டிரம்ஸ் வாசிக்கும் செருப்புக்கடைக்காரர், ஊர் 'டமாரம்' என்று அழைக்கும் மனிதர், அந்த இடம் வந்ததும் குச்சிகளை உயரத் தூக்கிக் கண்களை மூடிக்கொள்வார். முன்வரிசையில் வணிகர் சங்கத் தலைவரும் மூடிக்கொள்வார். அவர் அதற்கும் முன்பே மூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

இந்த வருடம் தலைவர், "உங்க மச்சான் வாசிக்கட்டுமே, அண்ணே" என்றுவிட்டார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அந்தப் பொடியன், கிட்டாரைக் கையில் எடுத்தே ஒன்றரை வருடம்தான். அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்து. திரையில் ஆறு தந்திக்கு ஆறு கோடு. எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டுமோ அந்த எண் கோட்டின்மேல் ஓடும். பாட்டை அரை வேகத்துக்கு இறக்கிக்கொள்ளலாம், ஓர் அடியையே நாள் முழுக்கச் சுழலவிடலாம். ஒருமுறை அதைச் செல்போனில் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடிக்கடைக்காரர் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளினார், பிறகு அவன் மடியிலேயே போட்டார்.

"லாட்டரி ரிசல்ட் மாதிரி இருக்கு. இதப் பாத்து வாசிக்கிறவன் கிட்டாரிஸ்ட்னா, கால்குலேட்டர் தட்டுறவன்லாம் யாரு?"

இப்போது அந்த லாட்டரிதான் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மனைவியிடம், "உன் தம்பிய நீ வளத்த லட்சணம்" என்று ஆரம்பித்தார். அவள், "கிட்டார் வாங்கிக் குடுத்தது நீங்கதானே" என்று முடித்தாள்.

கடைசியில் அவரே ஒரு வழக்கை உண்டாக்கி அவரே தீர்ப்பும் எழுதினார்: ஞாயிறு மத்தியானம் கடைக்குப் பின்னறையில் இருவரும் வாசிப்பது, அசலில் உள்ளபடி யார் வாசிக்கிறாரோ மேடை அவருக்கு. டமாரம் சாட்சி.

சுவரில் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக முடியும் எழுத்துப் பலகையின் கீழே, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மைத்துனன் உட்கார்ந்து வாசித்தான். மூச்சு வாங்கும் இடம் வந்தது. டமாரம் குச்சிகளைத் தூக்கினார். பையன் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் நாலு சுரங்களைக் கடகடவென்று உதிர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். தூக்கிய குச்சிகளை என்ன செய்வதென்று டமாரத்துக்குத் தெரியவில்லை.

"நிறுத்துடா!" கண்ணாடிக்கடைக்காரரின் குரலில் அலமாரியிலிருந்த பிரேம்கள் அதிர்ந்தன. "எவன்டா அந்த நாலச் சேத்தது? உன் மெஷினா?"

"அசல்லயே இருக்கு மாமா. நெட்ல இருக்கு, கேளுங்க."

"நெட்ல ஆயிரம் இருக்கும்! என்கிட்ட கேசட் இருக்குடா!"

இழுப்பறையைத் தலைகீழாகக் கொட்டி கேசட்டைத் தேடினார். பழைய பிளேயரைத் தூசி தட்டிப் போட்டார். இசை வந்தது. அந்த இடமும் வந்தது. மௌனம். பிறகு இசை.

"கேட்டியா?" எழுந்து நின்றுவிட்டார். "இப்ப கேட்டியாடா? காது வேணும்டா! காது!"

டமாரம், "அண்ணன்னா அண்ணன்தான்" என்று குச்சிகளை நிம்மதியாக இறக்கினார்.

மைத்துனன் பிளேயரை நிறுத்தினான். கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து, நாடாவை மெல்லச் சுற்றிப் பார்த்தான். ஓரிடத்தில் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தான். பழுப்பு நாடா அங்கே அறுந்திருந்தது. நடுவில் இரண்டு விரற்கடைக்கு வேறெதையோ நறுக்கி ஒட்டி இரு நுனிகளையும் இணைத்திருந்தார்கள்.

"பிளேயர் கடிச்சிருக்கு மாமா. கடிச்ச துண்ட வெட்டிட்டு ஒட்டுப் போட்டிருக்கு. அந்த நாலும் அதோட போச்சு."

"வித்தவன் ஒட்டி வித்திருப்பான். ஏமாத்துக்காரப் பய."

"இல்ல மாமா." அவன் நாடாவைக் கண்ணருகே கொண்டுபோனான். "இதுல எழுத்திருக்கு. 'தெளிவான பா'..."

தெளிவான பார்வைக்கு. வில்லைப் பெட்டிகளில் ஒட்டுவதற்காக அவர் அச்சடித்து வைத்திருக்கும் லேபிள். கடையின் வாசலிலும் அதே வாசகம்தான் இருந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு.

டமாரம் இருமினார். "அப்ப இத்தன வருஷமா நான் குச்சியத் தூக்கினதெல்லாம்..."

"வெளிய போங்கடா!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ரெண்டு பேரும்! அச்சாபீஸ்ல மை தடவுறவன் எனக்குப் பாட்டு சொல்லித் தர வந்துட்டான்! போ! உங்கக்காகிட்ட போய்ச் சொல்லு, போ!"

லேப்டாப்பை எடுக்கக்கூட அவனை விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கேசட்டைக் குப்பைக்கூடையில் எறிந்தார். கூடையில் விழாமல் தரையில் விழுந்தது. அதற்கும் ஒரு வசவு. கோபம் அடங்கவில்லை, யார் மேலே என்று முடிவாகாத கோபம் எளிதில் அடங்குவதில்லை. திறந்து கிடந்த லேப்டாப்பில் அந்தப் பாட்டு பாதியில் நின்றிருந்தது. விழா அடுத்த ஞாயிறு. தீர்ப்பு அவர் எழுதியது. அசலில் உள்ளபடி வாசிக்கிறவனுக்குத்தான் மேடை.

சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கிட்டாரை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். நாலு சுரங்களும் எலி ஓடுவதுபோல் ஓடின. அரை வேகத்துக்கு இறக்கினார். பிறகு கால் வேகத்துக்கு. மூன்று பிடிபட்டன. நாலாவது வழுக்கிக்கொண்டே போனது. திரும்பப் போட்டார், திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் திரையிலிருந்த எண்களின் பக்கம் குனிந்தார்.

பின்வாங்கினார். மறுபடி குனிந்தார்.

பிறகு, வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே மாட்டிவிடும் அந்த வட்டமான பரிசோதனைச் சட்டத்தை எடுத்து மூக்கில் வைத்து, வில்லைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே மைத்துனன் கதவைத் தட்டி, "மாமா, லேப்டாப்ப மட்டும் குடுத்துருங்க" என்றான்.

நாலாவது எண் மூன்றா எட்டா என்று இரண்டரை பவரிலும் தெரியவில்லை.